மேடைக்கு ஒரு கணிப்பொறி

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். நான் மடிக்கணினியோடு இணைத்த இசைக் கீபோர்டை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இளைய நண்பர் ஒருவர் மிருதங்கத்தோடு அமர்ந்திருந்தார். பாட்டின் நடுவே ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு எழுந்தது. பிறகு ஏழெட்டு விநாடி முழு அமைதி. என் விரல்கள் கட்டைகளின்மேல் ஓடிக்கொண்டிருந்தன, ஒலிதான் இல்லை. நண்பர் மட்டும் கலங்காமல் தாளத்தை விடாது வாசித்து எங்கள் இருவர் மானத்தையும் காப்பாற்றினார். அன்றைய கைதட்டல் அவருக்கே கிடைத்தது. அது நியாயமும்தான்.

அந்த அவமானம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒத்திகை நாட்களில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒரு சொல்தான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. "அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் எப்போதுமே ஒரு மயிரிழை பின்னால் வருகிறீர்கள்" என்றார். சிறு வயது முதல் இசை பயின்றவனுக்கு இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேறு உண்டோ? லயஞானம் எனக்கு அவ்வளவுதான் போலும் என்று பல நாள் தூக்கம் இழந்தேன்.

விழா முடிந்த மறுவாரம் அதே பாட்டைச் சங்கத்து அறையில் கிடந்த பழைய ஆர்மோனியத்தில் வாசித்தேன். நண்பர் உடன் வாசித்துவிட்டு, "இன்று சரியாக வருகிறது அண்ணா" என்றார். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. பிந்தியவன் நான் அல்லன், என் கணிப்பொறி!

அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் முடிவாக, கையில் தூக்கிச் செல்லக்கூடிய இசைக் கணிப்பொறி ஒன்றை நானே அமைத்துக்கொண்டேன். அதை அமைத்த விதத்தையும், அதைவிட முக்கியமாக, ஏன் அவ்விதம் அமைத்தேன் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பந்தியும் பஃபரும்

கணிப்பொறிக்கு ஒலி என்பது வெறும் எண்களின் வரிசை. விநாடிக்கு 44,100 எண்கள் அல்லது 48,000 எண்கள் என்ற கணக்கில் அது ஒலியைக் கணித்து அனுப்புகிறது. அவ்வெண்களை மின் அலையாக மாற்றி ஒலிபெருக்கிக்குத் தருவது ஆடியோ இன்டர்பேஸ் என்னும் கருவி. இக்கருவி ஒரு கண்டிப்பான உண்பவரைப் போன்றது. விநாடிக்கு 48,000 கவளம் என்றால், ஒன்று கூடாமல் குறையாமல் உண்டுகொண்டே இருக்கும். யாருக்காகவும் காத்திராது.

ஆனால் பரிமாறுகிற கணிப்பொறிக்கு வேறு நூறு வேலைகள். ஒவ்வொரு எண்ணாகக் கொண்டுவந்து கொடுக்க அதனால் இயலாது. ஆகவே நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் நடப்பதுபோல, ஒரு கரண்டி நிறைய மொத்தமாக எடுத்து இலையில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிறது. இப்படி மொத்தமாக வைக்கும் அளவுக்குத்தான் பஃபர் என்று பெயர்.

கரண்டி பெரிதானால் பரிமாறுபவருக்கு நிம்மதி. ஆனால் நாம் சாம்பார் போதும், ரசம் வேண்டும் என்று கேட்டால், இலையில் வைத்த சாம்பார் சோறு தீரும்வரை ரசத்துக்குக் காத்திருக்க வேண்டும். நான் ஒரு கட்டையை அழுத்துவது ரசம் கேட்பது போன்றது. முன்பே இலையில் வைத்த எண்கள் ஒலித்துத் தீர்ந்தபிறகே என் புதிய ஸ்வரம் கேட்கும். கரண்டி சிறிதானால் ரசம் உடனே வரும். ஆனால் பரிமாறுபவர் ஓயாது ஓடிவர வேண்டும். ஒருமுறை பிந்தினாலும் இலை காலி. அந்தக் காலி இலைதான் ஒலிபெருக்கியில் நாம் கேட்கும் 'கர் கர்'.

இனிக் கணக்கைப் பார்ப்போம். என் மடிக்கணினியில் பஃபர் 1,024 எண்களாக இருந்தது. விநாடிக்கு 44,100 என்ற விகிதத்தில் இது சுமார் 23 மில்லி விநாடி. ஒரு கரண்டி உண்ணப்படும்போதே அடுத்த கரண்டி தயாராவதால், நான் அழுத்திய தருணத்தைப் பொறுத்துத் தாமதம் ஒரு கரண்டிக்கும் இரண்டு கரண்டிக்கும் இடையே, அதாவது 23 முதல் 46 மில்லி விநாடி வரை, மாறிக்கொண்டே இருக்கும். துரித காலத்தில் மிருதங்கத்தில் விநாடிக்கு எட்டு அடி விழுந்தால், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி 125 மில்லி விநாடிதான். அதில் மூன்றில் ஒரு பங்குவரை நான் பின்தங்கியிருந்தேன்! நண்பர் அதை 'மயிரிழை' என்று சொன்னது அவருடைய பெருந்தன்மை.

தாமதமே கூடாது என்றும் நான் சொல்லவரவில்லை. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர். பாடகரிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் மிருதங்கக்காரர் அவர் குரலை 4 மில்லி விநாடிக்கு மேல் பிந்தித்தான் கேட்கிறார். அதனால் யாருக்கும் தாளம் தவறியதில்லை. ஆகவே கணிப்பொறி தரும் தாமதத்தை இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்குச் சமமாகக் குறைத்துவிட்டால் போதும். மனிதச் செவி அதைப் பொறுத்துக்கொள்ளும்.

வேகம் வேறு, தவறாமை வேறு

அப்படியானால் பஃபரைக் குறைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். 128 ஆக்கியவுடன் தாமதம் மறைந்தது, கரகரப்புத் தோன்றிற்று. கணிப்பொறிக்கு வேகம் போதவில்லை என்று எண்ணி அதன் வேலைப்பளுவை அளந்து பார்த்தேன். சராசரி முப்பது விழுக்காடுகூட இல்லை! பாதிக்கு மேல் ஓய்வாக இருக்கும் பொறி ஏன் பந்தியில் பிந்துகிறது?

விடை எளிது. அது சராசரியில் வேகமான பொறி. ஆனால் எப்போதாவது ஒருமுறை வேறு வேலையில் மூழ்கிவிடுகிறது. கம்பியில்லா இணையத் தொடர்பைத் தேடுகிறது. மென்பொருள் புதுப்பிப்பை இறக்குகிறது. மின்சாரத்தைச் சேமிக்கப் பிராசசரைத் தூங்கவைத்துப் பிறகு எழுப்புகிறது. ஒவ்வொன்றும் சில மில்லி விநாடிகள்தாம். கட்டுரை தட்டச்சு செய்பவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 128 எண்களின் பஃபர், 48,000 விகிதத்தில், 2.7 மில்லி விநாடிக்கே தாங்கும். ஒரே ஒருமுறை 5 மில்லி விநாடி பிந்தினால் இலை காலி.

இந்த முயற்சி முழுவதிலும் நான் கற்ற பாடம் இதுதான்: மேடைக் கணிப்பொறிக்கு வேண்டியது மிகுந்த வேகம் அன்று, ஒருபோதும் பிந்தாமை. ஆயிரம் முறை விரைந்து வந்து ஒருமுறை பிந்துகிற பொறியைவிட, ஆயிரத்தோரு முறையும் சொன்ன நேரத்துக்கு வருகிற மெதுவான பொறியே மேல்.

கணிப்பொறி இசைக்க வந்த வரலாறும் இதையே காட்டுகிறது. 1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாக்ஸ் மாத்யூஸ் என்பவர் எழுதிய நிரலைக் கொண்டு ஐ.பி.எம். 704 என்னும் பெரும்பொறி 17 விநாடி இசை ஒன்றை உருவாக்கிற்று. அன்றைய பொறி ஒலியைக் கணித்து முடிக்க, அந்த ஒலி நீடிக்கும் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரம் ஆயிற்று. கணித்துச் சேர்த்து வைத்துப் பின்னர்தான் கேட்க முடிந்தது. அதில் தவறில்லை, எதிரே யாரும் தாளம் போட்டுக் காத்திருக்கவில்லை. இன்றும் இசைப் பதிவுக்கு அப்படித்தான். அறையில் அமர்ந்து பதிந்து, வெட்டி ஒட்டிச் சீர்செய்யும்போது பஃபர் 1,024 இருந்தாலும் கேடில்லை. மேடையில்தான் கணிப்பொறி மற்றொரு மனிதரின் தாளத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

பெட்டிக்குள் என்ன?

மடிக்கணினியைச் செப்பனிட்டே இக்காரியத்தைச் செய்துகொள்ளலாம். பலருக்கு அதுவே போதும். நான் தனியாக ஒன்று கட்டியதற்குக் காரணம் மூன்று. ஒன்று, ஏதாவது ஒரு பாகம் கெட்டால் நேரு பிளேஸ் அங்காடியில் அதை மட்டும் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். இரண்டு, காற்றோட்டத்துக்கு வேண்டிய இடம் விட்டு அமைத்துக்கொள்ளலாம். மூன்று, இசையைத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்துவதில்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். இந்த மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் பெரிது.

மதர்போர்டு மினி ஐ.டி.எக்ஸ். என்னும் அளவுடையது. 17 சென்டிமீட்டர் நீளம், 17 சென்டிமீட்டர் அகலம். நம் உணவுக்கூடத்துச் சப்பாத்தியைவிடச் சிறிது பெரிது, அவ்வளவே. வியா என்னும் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட இவ்வளவு, இன்று எல்லா உற்பத்தியாளர்களும் பின்பற்றும் பொது அளவாகிவிட்டது. மடிக்கணினிக்கு உள்ளதுபோல 19 வோல்ட் அடாப்டரிலேயே இயங்கும் மெல்லிய வகையை நான் தேர்ந்தெடுத்தேன். பெட்டிக்குள் பெரிய பவர் சப்ளை வைக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

பிராசசர் 35 வாட் வகை. கோர்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். ஒரு வாத்தியத்தின் ஒலி முதலில் உருவாகி, பிறகு வடிகட்டப்பட்டு, பிறகு எதிரொலி சேர்க்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லவேண்டும். இந்தச் சங்கிலியைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அரிது. ஆகவே ஒற்றைக் கோரின் திறனே முதலில் பார்க்க வேண்டியது.

ராம் 16 ஜி.பி. போட்டிருக்கிறேன். உண்மையான வீணையையோ பியானோவையோ ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்து வைத்திருக்கும் ஒலிக்கோவைகள் பல ஜி.பி. அளவுள்ளவை. மென்பொருள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தையும் ராமில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தேவைப்படும்போது சேமிப்பகத்திலிருந்து எடுக்கிறது. எனவே சேமிப்பகம் எஸ்.எஸ்.டி.யாக இருத்தல் நலம். சுழலும் தட்டு இல்லாததால் ஒலிபெருக்கியின் அதிர்வுக்கும் ரயில் பயணத்துக்கும் அது அஞ்சாது. இடமும் போதும்: 24 பிட், 48,000 விகிதத்தில் இரட்டைத் தடம் பதிந்தால் மணிக்குச் சுமார் 1 ஜி.பி.; எட்டு மைக்குகளை வைத்துக் கச்சேரி முழுவதையும் பதிந்தாலும் மணிக்குச் சுமார் 4 ஜி.பி.தான்.

ஆடியோ இன்டர்பேஸ் வெளியே யு.எஸ்.பி. மூலம் இணைவது. அதை இரும்புப் பட்டையால் பெட்டியின் மேலேயே திருகி இறுக்கிவிட்டேன். மேடையில் யாராவது வயரை இடறினாலும் யு.எஸ்.பி. இணைப்பு பிடுங்கிக்கொள்ளாது. திரை ஏழு அங்குலத் தொடுதிரை. எல்லாம் சேர்ந்து நான்கு கிலோ; தோள்பையில் அடங்கும்.

இயங்குதளம் லினக்ஸ். விண்டோஸிலும் இதைச் செய்யலாம். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ முறை அங்கே தாமதத்தைக் குறைக்கிறது. லினக்ஸை நான் விரும்பியதற்குக் காரணம், இசைக்கு முதலிடம் தந்து மற்ற வேலைகளை வரிசையில் நிறுத்தும் உரிமையை அது என் கையில் கொடுக்கிறது. குறித்த நேரத்துக்குள் பணி முடிப்பதை உறுதி செய்யும் 'ரியல் டைம்' திருத்தங்கள் பல ஆண்டுகள் தனியே வளர்ந்து, 2024-இல் வெளியான 6.12 பதிப்பில் லினக்ஸின் மூலத்தோடே சேர்ந்துவிட்டன. குறையும் உண்டு: விலைக்கு விற்கும் இசை மென்பொருள்கள் பல லினக்ஸில் ஓடா. உங்களுக்கு விருப்பமான மென்பொருள் எதில் ஓடுமோ அதையே தேர்ந்துகொள்ளுங்கள். எதுவாயினும் மேடை ஏறுமுன் இணையத்தைத் துண்டியுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள். பிராசசரின் உறக்கத்தைக் கலைத்துவையுங்கள்.

வெயிலும் மின்சாரமும்

பெட்டி கட்டி முடித்தது மே மாதத்தில். டெல்லியின் மே மாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடுதி அறையில் வைத்து நான்கு மணி நேரம் இடைவிடாது ஓடவிட்டு, எத்தனை முறை இலை காலியாகிறது என்று எண்ணச் செய்தேன். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றுகூட இல்லை. மகிழ்ந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் நாற்பதுக்கு மேல்!

காரணம் வெப்பம். பிராசசர் அளவுமீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியின் அடியில் துளைகள் இட்டேன். ரப்பர்க் கால்கள் வைத்து இரண்டு விரற்கடை உயர்த்தினேன். விசிறி கீழிருந்து குளிர்காற்றை இழுத்து மேலே தள்ளும்படி திருப்பினேன். அடுத்த சோதனையில் நான்கு மணி நேரமும் ஒருமுறைகூடத் தவறவில்லை. குளிர்காலத்தில் சோதித்துவிட்டு வெயில் காலத்தில் மேடை ஏறாதீர்கள் என்பதே இதன் பாடம்.

மின்சாரம் மற்றொரு பகை. விழா மேடையில் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் தொடங்கும் அந்தச் சில விநாடிகளே கணிப்பொறியை அணைத்துவிடப் போதும். மடிக்கணினிக்குப் பாட்டரி உண்டு. என் பெட்டிக்கு இல்லை. எனவே சிறிய யு.பி.எஸ். ஒன்றை உடன் வைத்துக்கொள்கிறேன். ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று இடைவிடாத முணுமுணுப்புக் கேட்டால், அது பெரும்பாலும் நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். கணிப்பொறியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி, இடையே ஒரு வளையம் உண்டாவதால் வருவது. அதற்காக எர்த் முள்ளை ஒடித்துவிடும் சிலரைப் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே மின் பலகையில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டி.ஐ. பாக்ஸ் என்னும் சிறு கருவியை இடையே வையுங்கள்.

கமகம் வளையுமா?

நம் இசை அன்பர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கீபோர்டும் கணிப்பொறியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு மிடி என்று பெயர். 1983-இல் உருவான அம்மொழி இன்றும் வழக்கில் இருக்கிறது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்று மூன்று பைட்டுகளில் சொல்லிவிடும். பழைய வட்ட வயரில் இதற்குச் சுமார் ஒரு மில்லி விநாடி ஆகும், யு.எஸ்.பி.யில் அதைவிடக் குறைவு.

ஸ்வரத்தை வளைக்க அதில் பிட்ச் பெண்ட் என்ற கட்டளை உண்டு. முழு வளைவை 16,384 படிகளாகப் பகுத்திருப்பதால் படிகள் காதுக்குத் தெரியா. கமகம் வழுக்கிச் செல்லும். ஆனால் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இக்கட்டளை ஒரு சானலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் சேர்த்தே வளைத்துவிடும். தம்புராவையும் அதே சானலில் வைத்தால், நான் காந்தாரத்தை அசைக்கும்போது ஆதார ஸட்ஜமும் அசையும்! எனவே தம்புராவுக்குத் தனிச் சானல் கொடுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிச் சானல் தரும் எம்.பி.இ. என்ற முறை 2018-இல் ஏற்கப்பட்டது. அதற்கேற்ற கீபோர்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

ஆனால் கமகத்தை அறிந்து அசைக்கும் விரலைக் கணிப்பொறி தந்துவிடாது. அதற்குச் சாதகம்தான் வேண்டும்.

இந்த ஆண்டு

பெட்டியை முடித்தபின், இன்டர்பேஸின் வெளிவாயிலையும் உள்வாயிலையும் ஒரே வயரால் இணைத்து, ஒரு 'டிக்' ஒலியை அனுப்பித் திரும்பிவரும் நேரத்தை அளந்தேன். போய்வர ஏறத்தாழ 10 மில்லி விநாடி. கீபோர்டு வாசிக்கும்போது வெளியே போகும் வழி மட்டுமே கணக்கு. அது இதில் ஏறக்குறையப் பாதி. நண்பர் என்னைவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

இந்தப் பொங்கல் விழாவில் அதே பாட்டை, அதே நண்பரோடு வாசித்தேன். நாற்பது நிமிடமும் பெட்டி ஒருமுறைகூடப் பிந்தவில்லை. தனி ஆவர்த்தனம் முடிந்து பாட்டை மீண்டும் எடுக்கும் இடத்தில் நண்பர் தீர்மானம் வைக்க, நான் சரியாக எடுப்பில் விழுந்தேன். அவர் என் பக்கம் திரும்பித் தலையை ஒருமுறை அசைத்தார். அதற்காகத்தான் இவ்வளவு உழைப்பும்.

விழா முடிந்ததும், "அண்ணா, இரண்டாவது பாட்டில் கொஞ்சம் ஓடிவிட்டீர்கள்" என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் இம்முறை குற்றம் என்னுடையது. பெட்டியின்மேல் போட இடமில்லை. திருத்திக்கொள்ள வேண்டியது எது என்று தெரிந்துவிட்டதல்லவா? அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

பெட்டி சங்கத்து அறையில், ஆர்மோனியத்துக்கு அருகே இருக்கிறது. வாசிக்க விரும்பும் அன்பர்கள் யாரும் வந்து எடுத்துக்கொள்ளலாம். இணையத்தோடு மட்டும் இணைத்துவிடாதீர்கள்.